கதவு அகலமானால் கௌரவமும் திரும்பும்! மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பாத்ரூமை வீட்டிலேயே அமைப்பது எப்படி?

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வரும் நாள், குடும்பத்துக்கே நிம்மதியான நாள். பக்கவாதம் வந்து சில வாரங்கள் படுக்கையில் கிடந்த அப்பா, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசலுக்கு வருகிறார். அம்மா திருஷ்டி சுற்றிப் போடுகிறார். புது மெத்தை, மாத்திரை டப்பா, கஞ்சி என எல்லாமே தயார். ஒன்றே ஒன்றைத்தான் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மறுநாள் விடிகாலையில் ``பாத்ரூம் போகணும்ப்பா'' என்று அவர் மகனைக் கூப்பிடும்போதுதான் அது தெரியவரும். நாற்காலியின் அகலம் 26 அங்குலம். பாத்ரூம் கதவைத் திறந்தால் கிடைக்கும் வழி 24 அங்குலம்.

மகன் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அம்மா காலைப் பிடிக்க, ஈரத் தரையில் மூன்று பேரும் தடுமாறி எப்படியோ உள்ளே போய் வருகிறார்கள். இரண்டு நாள் இப்படியே போகிறது. மூன்றாம் நாள் அப்பா இரண்டாவது டம்ளர் காபியை வேண்டாம் என்கிறார். நான்காம் நாள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. ``தாகம் இல்லைப்பா'' என்கிறார். தாகம் இல்லாமல் இல்லை. இன்னொரு முறை தூக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சம்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. நடமாட்டம் குறைந்த ஒருவர் இருக்கும் பல வீடுகளில் சத்தமில்லாமல் நடப்பது இதுதான். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் என அடுத்தடுத்து வரும். தூக்கிவிடுபவருக்கோ முதுகுவலி நிரந்தரமாகிவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தனியாகக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையே ஒருவரிடமிருந்து போய்விடும்.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் அதிகம். அதற்குப் பிறகு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் வகையை ஏழிலிருந்து 21 ஆக உயர்த்தியது. முதுமையில் தள்ளாடுபவர்கள், விபத்தில் சில மாதங்கள் முடங்கியவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால், ஈரத் தரைக்கு எல்லோரும் ஒன்றுதான்.

மெரினாவில் சக்கர நாற்காலியிலேயே அலை வரைக்கும் போய் வர 2022-ல் மரப்பாதை போடப்பட்டபோது, முதல் முறையாகக் கடலில் கால் நனைத்தவர்களின் முகங்களை ஊரே பார்த்தது. கடலுக்கே வழி செய்ய முடியும் என்றால், வீட்டுக்குள் இருக்கும் பாத்ரூமுக்கு முடியாதா? நிச்சயம் முடியும். அதற்கு முழு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் கேளுங்கள், பிறகு அளந்து பாருங்கள்

பலரும் செய்யும் முதல் தவறு, நேராகக் கடைக்குப் போய் `மாற்றுத்திறனாளிகளுக்கான செட்' என்று கேட்பது. அப்படி எல்லோருக்கும் பொருந்தும் ஒரு செட் கிடையாது. இடது பக்கம் செயலிழந்தவருக்கு வலது கைப்பக்கம் கைப்பிடி வேண்டும். இரண்டு காலும் செயலிழந்து, தோள் வலுவாக இருப்பவருக்கு நாற்காலியை டாய்லெட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்த இடம் வேண்டும். வாக்கர் பிடித்து நடப்பவருக்குத் திரும்ப இடம் வேண்டும். பார்வையில்லாதவருக்கோ இவற்றைவிட, பொருள்கள் வைத்த இடத்திலேயே இருப்பது முக்கியம்.

எனவே, பயன்படுத்தப்போகிறவரிடமே கேளுங்கள். எந்தக் கையில் பலம் அதிகம்? எழும்போது எதைப் பிடிக்கத் தோன்றுகிறது? எந்த இடத்தில் பயமாக இருக்கிறது? அதன் பிறகு டேப்பை எடுங்கள். நாற்காலியின் முழு அகலம், அதில் உட்காரும் மெத்தையின் உயரம், உட்கார்ந்த நிலையில் முழங்கை இருக்கும் உயரம், கை எட்டும் தூரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், பாத்ரூம் வேலையில் பாதி முடிந்த மாதிரிதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்முறை சிகிச்சையாளர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

நிலைப்படியும் கதவும்

நம் வீடுகளில் பாத்ரூமுக்குத்தான் இருப்பதிலேயே குறுகலான கதவு. இரண்டரை அடி நிலை என்று சொல்வார்கள். சட்டமும் கதவின் கனமும் போக உண்மையில் கிடைக்கும் வழி அதைவிடக் குறைவு. சாதாரண மடக்கு சக்கர நாற்காலிக்கு 25 முதல் 27 அங்குலம் தேவை. சக்கரத்தைத் தள்ளும் கைகள் நிலையில் உரசாமல் இருக்க இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். அதனால்தான் கதவைத் திறந்த பின் கிடைக்கும் வழி 90 சென்டிமீட்டர், அதாவது மூன்று அடி இருப்பது நல்லது என்கிறார்கள்.

கதவு உள்பக்கமாகத் திறப்பது இன்னொரு ஆபத்து. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவைத் தடுத்துவிடும். உதவிக்கு ஓடி வருபவர் வெளியே நின்று தவிக்க வேண்டியதுதான். எனவே வெளிப்பக்கம் திறக்கும் கதவு அல்லது சுவரோடு நகரும் ஸ்லைடிங் கதவு வேண்டும். புதிய நிலை வைக்க முடியாத வீடுகளில், இருக்கும் கதவின் கீலை மட்டும் மாற்றி வெளிப்பக்கம் திறக்கவைக்கலாம். தாழ்ப்பாளுக்குப் பதில், அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கும் வகைப் பூட்டைப் போடலாம். இதனால் உள்ளே இருப்பவருக்குத் தனிமையும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும்.

அடுத்தது, தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டும் அந்த இரண்டு, மூன்று அங்குலத் தடுப்பு. நடப்பவர்களுக்கு அது கண்ணுக்கே தெரியாது. காலை இழுத்து நடப்பவருக்கு அதுதான் தடுக்கும் இடம். சக்கர நாற்காலிக்கு அதுவே சுவர். தடுப்பை எடுத்துவிட்டு, வாசலை ஒட்டி நீளவாக்கில் ஜல்லடை மூடி போட்ட வடிகாலும், உள்பக்கம் லேசான வாட்டமும் கொடுத்தால் தண்ணீர் வெளியே வராது. 100 சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம் போதும். அதற்கு மேல் போனால் நாற்காலி தானாக உருளும். உடைக்கவே முடியாது என்றால் சரிவுப்பலகை வைக்கலாம். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். மூன்று அங்குலத் தடுப்புக்கு மூன்று அடி நீளச் சரிவு. இதைச் சுருக்கினால் ஏறுவதும் கஷ்டம், இறங்குவதும் ஆபத்து.

வழுக்கும் தரை

கீழே விழுவதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் உண்டு. உலகம் முழுக்க விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில், சாலை விபத்துகளுக்கு அடுத்த இடத்தில் இருப்பது கீழே விழுவதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இப்படி உயிரிழப்பதாக அது மதிப்பிடுகிறது.

பாத்ரூம் தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். சொரசொரப்பான மேட் ஃபினிஷ் டைல்ஸ் வாங்குங்கள். பெட்டியில் `ஆர்' என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அது வழுக்காத தன்மையின் அளவு. ஆர் 10-க்குக் குறையாமலும், குளிக்கும் இடத்துக்கு ஆர் 11-ம் பார்த்து வாங்கலாம். பெரிய டைல்ஸைவிடச் சிறிய டைல்ஸ் நல்லது. நிறைய இணைப்புக் கோடுகள் வருவதால் கால் பிடிமானம் கூடும். டைல்ஸை மாற்ற வசதி இல்லாதவர்கள், தரையில் ஒட்டும் வழுக்காத பட்டைகளை நடக்கும் பாதையிலும் குளிக்கும் இடத்திலும் ஒட்டலாம்.

பழைய புடவையை மடித்துப் போடும் மிதியடியை உடனே எடுத்துவிடுங்கள். நடப்பவரின் கால் அதில் சிக்கும். வாக்கரின் முனையும் சிக்கும். இன்னொரு விஷயம், நம் ஊருக்கே உரியது: எண்ணெய்க் குளியல். எண்ணெயும் சீயக்காயும் கலந்து தரையில் படியும் பசை கண்ணுக்குத் தெரியாது. சனிக்கிழமை குளித்தவர் பத்திரமாக வெளியே வந்துவிடுவார். அடுத்து உள்ளே போகிறவர் விழுவார். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தரையைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரைத் தள்ளிவிட்ட பிறகே மற்றவர்கள் உள்ளே போக வேண்டும்.

டாய்லெட்டின் உயரம்

மூட்டுவலிக்காரர்கள் முதல் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வரை எல்லோரும் சொல்லும் கஷ்டம், உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்பது. சாதாரண வெஸ்டர்ன் டாய்லெட் 15, 16 அங்குல உயரம் இருக்கும். இது 18 முதல் 19 அங்குலமாக இருந்தால் எழுவது எளிது. சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்காருபவருக்கு, நாற்காலி மெத்தையின் உயரமும் டாய்லெட் சீட்டின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் தூக்காமல், நகர்ந்தே மாற முடியும். அதே சமயம், உயரம் குறைவானவருக்குக் கால் தரையில் பதியாத அளவுக்கு உயர்த்திவிடவும் கூடாது. கால் தொங்கினால் உடம்பு தள்ளாடும்.

புதிதாகக் கட்டும்போது, சுவரில் பொருத்தும் டாய்லெட்டை வேண்டிய உயரத்தில் வைக்கச் சொல்லலாம். பழையதென்றால், அதன் அடியில் மேடை கட்டி உயர்த்தலாம். மேடை, டாய்லெட்டின் அடிப்பாகத்தைவிட அகலமாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாற்காலியின் கால்தாங்கி முட்டி நிற்கும். இவை எதுவும் முடியாவிட்டால், சீட்டின் மேல் பொருத்தும் உயரக்கூட்டி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. கிளிப்போடு இறுகப் பொருந்தும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சும்மா மேலே வைக்கும் வகை, சாய்ந்து உட்காரும்போது நழுவும்.

இந்தியன் டாய்லெட் மட்டுமே இருக்கும் வீடுகளில், அதன் மேல் வைத்துக்கொள்ளும் ஓட்டை போட்ட கமோட் நாற்காலி உதவும். அதன் கால்களில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டதா என்று மாதம் ஒரு முறையாவது பாருங்கள். தேய்ந்த ரப்பரோடு ஈரத் தரையில் நிற்கும் நாற்காலி, சறுக்கு மரம் மாதிரிதான்.

டாய்லெட்டின் நடுப்பகுதியிலிருந்து பக்கச்சுவர் ஒன்றரை அடி தூரத்தில் இருந்தால், அந்தச் சுவரில் உள்ள கைப்பிடி சரியாகக் கைக்கு வரும். மறுபக்கம் நாற்காலியை நிறுத்த மூன்று அடி இடம் விட வேண்டும். நாற்காலி முழுவதுமாகத் திரும்ப ஐந்து அடி விட்டமுள்ள வட்டம் காலியாக இருக்க வேண்டும். ``எங்க பாத்ரூமே நாலுக்கு ஆறுதாங்க'' என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் திரும்பும் இடத்தை வெளியே வையுங்கள். வெளியிலேயே திரும்பி, பின்பக்கமாக உள்ளே போய், நேராக வெளியே வரலாம். சக்கரம் வைத்த குறுகலான கமோட் நாற்காலியில் படுக்கையறையிலேயே மாறி உட்கார்ந்து, அப்படியே டாய்லெட் மேல் நகர்த்தி நிறுத்துவது இன்னும் எளிய வழி. சிறிய வீடுகளுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதுகுத்தண்டு பாதிப்பால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்கள், கடினமான சீட்டில் நெடுநேரம் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும். வலி தெரியாது என்பதால் புண் பெரிதான பிறகுதான் தெரியும். அவர்களுக்கு மெத்தை வைத்த சீட் அவசியம். சீட்டில் விரிசலோ கூர்மையான ஓரமோ இருக்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பாருங்கள்.

டவல் கம்பி, கைப்பிடி ஆகாது

தடுமாறும்போது கை தானாக எதையாவது பிடிக்கும். பெரும்பாலான வீடுகளில் அது டவல் கம்பியாகவோ, வாஷ்பேசினாகவோ இருக்கும். இரண்டுமே ஓர் ஆளின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. கையோடு வந்துவிடும்.

பிடிமானத்துக்கென்றே விற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகளை வாங்குங்கள். ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனம் கைக்கு அடக்கமாக இருக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடையில் ஒன்றரை முதல் இரண்டு அங்குல இடைவெளி போதும். அதிகமானால் முழங்கை உள்ளே நழுவிச் சிக்கிக்கொள்ளும். டாய்லெட்டை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தை ஒட்டிக் கிடைமட்டமாக ஒன்று. எழுந்து நிற்கப் பிடிக்க, அதற்குச் சற்று முன்னால் செங்குத்தாக ஒன்று. சுவர் இல்லாத மறுபக்கத்தில், வேண்டும்போது இறக்கி வேண்டாதபோது மடக்கி வைக்கும் கைப்பிடி.

கைப்பிடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது நிற்பது சுவரின் பலத்தில்தான். 100 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும் என்று கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திருகு, டைல்ஸில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் சுவர் என்றால் அதற்கென உள்ள ஆங்கர் போட வேண்டும். பொருத்திய பிறகு, வீட்டிலேயே எடை அதிகமானவர் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்த பின்னரே மாற்றுத்திறனாளியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ரப்பர் உறிஞ்சியால் டைல்ஸில் ஒட்டும் கைப்பிடிகள் வாங்க எளிது, விலையும் குறைவு. ஆனால், ஈரத்தில் சொல்லாமல் கழன்றுவிடும் என்பதால் உடல் எடையை அதில் போடக் கூடாது.

குளியல்: உட்கார்ந்தபடி, கைக்கெட்டும் தண்ணீரோடு

நின்று குளிக்க முடியாதவருக்குப் பல வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிடுகிறோம். சோப்புத் தண்ணீரில் அதன் கால்கள் விரிந்துகொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு நாள் உடையும். ரப்பர் கால்களும் முதுகுச் சாய்மானமும் உள்ள குளியல் நாற்காலி அல்லது சுவரில் மடக்கி வைக்கும் இருக்கை பாதுகாப்பானது. உயரம் ஒன்றரை அடி. குழாயுடன் கூடிய ஹேண்ட் ஷவர் இருந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் குளிக்கலாம்.

பக்கெட்டும் மக்கும்தான் பழக்கம் என்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பக்கெட்டைத் தரையில் வைக்காமல், நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் அடி உயரத் திண்டு கட்டி அதன் மேல் வையுங்கள். குனிந்து மோக்கும்போதுதான் பலரும் முன்பக்கம் சரிகிறார்கள். சோப்பு வழுக்கி விழுந்தால் எடுக்கப் போராடுவதைத் தவிர்க்க, அமுக்கினால் வரும் திரவ சோப்பைக் கையெட்டும் உயரத்தில் மாட்டலாம். குழாய்கள் திருகுவதாக இல்லாமல், புறங்கையால் தள்ளினாலே திறக்கும் நீளமான பிடி வைத்ததாக இருக்கட்டும். விரல்கள் மடங்காதவர்களுக்கு அது பெரிய விடுதலை.

வாஷ்பேசின் 30 முதல் 32 அங்குல உயரத்தில், கீழே தூண் இல்லாமல் சுவரில் நிற்க வேண்டும். அப்போதுதான் நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் உள்ளே போகும். கண்ணாடியின் அடிப்பாகம் மூன்று அடிக்குள் தொடங்கினால், உட்கார்ந்தபடியே முகம் பார்க்கலாம். தானே தலை வாரிக்கொள்வதும், தானே சவரம் செய்துகொள்வதும் சின்ன விஷயங்கள் அல்ல.

சுடுதண்ணீரும் கரன்ட்டும்

60 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர், சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். உணர்வு உள்ளவர் சட்டென்று காலை எடுத்துவிடுவார். முதுகுத்தண்டு பாதிப்பு, நீண்டகாலச் சர்க்கரைநோய், தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கு அந்த எச்சரிக்கையே வராது. கீசரின் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு மேல் போகாமல் வையுங்கள். முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்ற வரிசையைப் பழக்கமாக்குங்கள். உணர்வுள்ள கையால், அல்லது உதவியாளர் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே மேலே ஊற்ற வேண்டும். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடும் வழக்கம் இந்த வீடுகளில் கூடவே கூடாது.

மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கசிவு ஏற்பட்டால் கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. விளக்கு ஸ்விட்ச் கதவுக்கு வெளியே, மூன்று முதல் மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை உள்ள வழியில் ஒன்று இருந்தால் நள்ளிரவுத் தடுமாற்றம் குறையும். கடைசியாக, ஓர் அழைப்பு மணி. அதன் கயிறு தரையைத் தொடும் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். விழுந்து கிடப்பவரால் மூன்றடி உயரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்த முடியாதல்லவா?

எல்லோரின் தேவையும் ஒன்றல்ல

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிற வேறுபாடு பெரிய உதவி. வெள்ளைச் சுவரில் வெள்ளை டாய்லெட் கண்ணுக்குத் தெரியாது. அடர்நிற சீட், சுவரிலிருந்து மாறுபட்ட நிறத்தில் கைப்பிடி என வைக்கலாம். முழுமையாகப் பார்வையில்லாதவர்களுக்கு, பக்கெட், சோப்பு, துண்டு எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். பாதித் திறந்த கதவு அவர்கள் நெற்றியைப் பதம்பார்க்கும். ஒன்று முழுவதும் திறந்திருக்கட்டும், அல்லது மூடியிருக்கட்டும். ஷாம்பு எது, கண்டிஷனர் எது என்று தெரிய, ஒரு பாட்டிலில் ரப்பர் பேண்ட் போட்டால் போதும்.

செவித்திறன் இல்லாதவர்களுக்குக் கதவைத் தட்டினால் கேட்காது. வெளியே பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒளிரும் விளக்கு ஒன்று பொருத்தலாம். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு எக்சாஸ்ட் ஃபேன் சத்தமும், மேலிருந்து கொட்டும் ஷவரும் தாங்க முடியாதவை. `அடம்பிடிக்கிறான்' என்று திட்டுவதற்கு முன் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். வரிசையாகப் படங்கள் ஒட்டி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவதும் உதவும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை ஐந்து வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டிய அம்மாவால், அதே குழந்தையைப் பதினைந்து வயதில் தூக்க முடியாது. பிள்ளை வளரும், அம்மாவுக்கும் வயதாகும். எனவே பாத்ரூமைத் திட்டமிடும்போது இன்றைய எடையை வைத்துக் கணக்குப் போடாமல், பத்து வருடம் கழித்து எப்படி என்று யோசியுங்கள். பக்கத்தில் இன்னொருவர் நின்று உதவும் இடம், சாய்த்துப் படுக்கவைக்கும் குளியல் நாற்காலி ஆகியவற்றை இப்போதே திட்டத்தில் சேருங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளை என்றால், நாப்கின் வைக்கும் அலமாரியும் மூடி போட்ட குப்பைக்கூடையும் அவள் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உதவி தேவைப்படும் வேலையிலும், அவள் தானே செய்யக்கூடிய பகுதியை அவளிடமே விட்டுவிடலாம்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

``ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனர் விட மாட்டார்'' என்பவர்களும் உண்டு. சுவரைத் தொடாமலே செய்யக்கூடியவை நிறைய: டாய்லெட்டைச் சுற்றி நிற்கும் கைப்பிடிச் சட்டம், சக்கரம் வைத்த கமோட் நாற்காலி, குளியல் நாற்காலி, தரைப் பட்டைகள், எடுத்துவிடக்கூடிய சரிவுப்பலகை, பேட்டரியில் இயங்கும் அழைப்பு மணி, சென்சார் விளக்கு. வீடு மாறும்போது இவை எல்லாம் கூடவே வந்துவிடும். கைப்பிடி மட்டுமாவது சுவரில் பொருத்த அனுமதி கேட்டுப் பாருங்கள். காலி செய்யும்போது துளைகளை அடைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்தால் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் தரை, அடுத்து கைப்பிடி, பிறகு உட்காரும் உயரம், கதவு, அழைப்பு மணி. அழகு கடைசியில் வரட்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

வாங்கும் முன் தொட்டுப் பார்க்க ஓர் இடம் சென்னையில் இருக்கிறது. காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்தில் 2022-ல் திறக்கப்பட்ட `மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' காட்சிக்கூடத்தில், மாற்றுத்திறனாளிகளின் அன்றாட வாழ்க்கைக்கான உதவி உபகரணங்களைப் பார்க்கலாம். சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் ஆகிய இடங்களில் மறுவாழ்வுச் சிகிச்சைகள் கிடைக்கின்றன. வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் அடிப் திட்டத்திலும், மூத்த குடிமக்களுக்கு வயோஸ்ரீ திட்டத்திலும் உதவி உபகரணங்கள் வழங்கப்படுகின்றன. தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால், தற்போது என்னென்ன கிடைக்கும் என்பது தெரியவரும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்துக்குப் பின்னால் ஒரு வரலாறே உண்டு. அங்கே மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பிய அவரது முயற்சியில், 1966-ல் மறுவாழ்வு மையம் உருவானது. உடம்பு முழுவதுமாகக் குணமாவது மட்டும் வெற்றியல்ல. இருக்கும் உடம்போடு தன் வேலையைத் தானே செய்துகொள்வதும் வெற்றிதான் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

பொது இடங்களில் அணுகல் வசதியைக் கட்டாயமாக்கும் விதிகளை வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால், வீட்டுக்குள் எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. அங்கே முடிவெடுக்க வேண்டியது குடும்பம்தான்.

சில நாள் வேலைதான். கதவை வெளிப்பக்கம் மாற்றி, தடுப்பை உடைத்து, இரண்டு கைப்பிடி வைத்து, சக்கரம் வைத்த கமோட் நாற்காலி ஒன்று வாங்கிவிட்டால், அந்த வீட்டில் காலைகள் வேறு மாதிரி இருக்கும். அப்பா தானே உள்ளே போவார், கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே அம்மா காது கொடுத்து நிற்பார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்.

அன்றைக்கு அவரே இரண்டாவது டம்ளர் காபியும் கேட்பார்.